மாடிக்குத் தெர்மாமீட்டர் போனதா?

கேள்வி: எனக்கு 46 வயது. வைசியாள் வீதிப் பக்கம் பழைய வீடு. சில வருடமாக பீர் சேர்த்து வருகிறேன். பிரான்சிலிருந்து மைத்துனர் கொண்டுவந்தது 12 பாட்டில் (ரோஷ்ஃபோர் 10, ஷிமே ப்ளூ, ஓர்வால், தலா நான்கு). இங்கே கடையில் வாங்கிய லாகர் 20, வீட் (கோதுமை) பீரும் ஐபிஏ என்ற கசப்பு பீருமாக 8. வீட்டிலேயே குளுமையான உள் அறையை இதற்கென்று ஒதுக்கி, ஜன்னலை அடைத்து, தெர்மாமீட்டர் மாட்டியிருக்கிறேன். மே மாதத்தில்கூட 31 டிகிரி தாண்டவில்லை. (அந்த அறையில் அம்மா இருந்தார்கள். இப்போது மாடி ஷீட் அறைக்கு மாறிக்கொண்டார்கள். ஆட்சேபம் ஏதுமில்லை.) எதை எத்தனை வருடம் முதிர வைக்கலாம்?
- பெயர் வேண்டாம், புதுச்சேரி

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அங்கிருந்து தொடங்குகிறேன். ‘மாறிக்கொண்டார்கள்.’ மாற்றினேன் என்று எழுத உங்களுக்குக் கை வரவில்லை. நாற்பது பாட்டிலுக்கும் பெயர், எண்ணிக்கை எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் வயதை எழுதவில்லை. உங்களுக்கு 46 என்றால் அவருக்கு எழுபது இருக்கும். அந்த வயதில், அக்னி நட்சத்திரத்தில், ஷீட் கூரைக்குக் கீழே! அந்தத் தெர்மாமீட்டரை ஒரு நாள் மத்தியானம் மாடிக்கு எடுத்துப் போய்ப் பார்த்தீர்களா? ராத்திரி பாத்ரூம் போக எத்தனை படி இறங்குகிறார் என்று எண்ணினீர்களா? ஆட்சேபம் இல்லையாம். பிள்ளை கேட்டு அந்தம்மா எதற்குத்தான் மாட்டேன் என்றிருக்கிறார்?

இதே கதை எனக்கு வருடத்துக்கு நாலு கடிதத்தில் வரும். ஒருவருக்கு ஹோம் தியேட்டர், இன்னொருவருக்கு மீன் தொட்டி. காலியாவது மட்டும் எப்போதும் அம்மாவின் அறை.

கொடுமை என்னவென்றால், அந்த அறையால் உங்கள் பீருக்கும் பிரயோஜனம் இல்லை. பீர்காரர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு: 32 டிகிரியில் மூன்று நாளில் எவ்வளவு கெடுமோ, 22 டிகிரியில் அதற்கு முப்பது நாள் ஆகும், 4 டிகிரியில் முந்நூறு நாள். உங்கள் அறை 31. முதிர வைப்பதற்கு வேண்டியது 10 முதல் 13 டிகிரி, அதுவும் ஏறி இறங்காமல். பீர் புத்தகங்களில் வரும் நிலவறை நம் ஊருக்கு ஒத்து வராது. கடற்கரை மணல், தோண்டினால் தண்ணீர். தானே, ஃபெஞ்சல் என்று புயலும் நம் பக்கம் பார்த்தே வருகிறது.

சரி, பாட்டில்களுக்கு வருவோம். லாகர் இருபதும் முதிரவே முதிராது. ‘ஸ்ட்ராங்’ என்று லேபிளில் இருப்பதை நம்பி வைத்திருப்பீர்கள். ஆல்கஹால் மட்டும் போதாது. வடிகட்டி, சூடுகாட்டி அடைத்த பீரில் உயிருள்ள ஈஸ்ட் கிடையாது. அது நாளாக ஆக நனைந்த அட்டைப்பெட்டி வாசம்தான் அடிக்கும். பச்சை பாட்டில் என்றால் வெளிச்சம் பட்டே நாற்றமெடுக்கும். ஐபிஏ குடிப்பதே ஹாப்ஸ் என்ற பூவின் வாசத்துக்காக. முதலில் ஓடிப்போவது அந்த வாசம். வீட் பீரும் புதிதாய்க் குடிக்க வேண்டியதுதான். இந்த 28-ஐயும் நண்பர்களைக் கூப்பிட்டு முடியுங்கள். வண்டியில் போட்டுக் கடலூருக்கு எடுத்துப் போக வேண்டாம், எல்லையில் பிடிப்பார்கள்.

மிஞ்சுவது பன்னிரண்டு. மைத்துனர் விவரம் தெரிந்தவர். ரோஷ்ஃபோர் 10-இல் ஆல்கஹால் 11.3 சதவீதம், ஷிமே ப்ளூவில் 9. இரண்டும் கறுத்த, கனத்த பீர். பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் வேலை செய்யும். குளிரில் வைத்தால் ஐந்து வருடத்துக்கு மேலும் தாங்கும். சாராயக் காட்டம் அடங்கி உலர்திராட்சை, கருப்பட்டி மாதிரி ஒரு வாசம் வரும். ஓர்வால் 6.2 சதவீதம்தான், ஆனால் அதில் ப்ரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் சேர்க்கிறார்கள். அது மெதுவாகச் சர்க்கரையைத் தின்று தீர்க்கும். ஆறு மாதத்துப் பாட்டிலும் மூன்று வருடத்துப் பாட்டிலும் வேறு வேறு பானம். அடுத்த முறை லாம்பிக் வகைப் புளிப்பு பீர் இரண்டு கேளுங்கள், புளிப்பே அதைக் காப்பாற்றும். இம்பீரியல் ஸ்டவுட், பார்லி ஒயின் (பெயர்தான் ஒயின், இதுவும் பீர்தான்) மாதிரி கனத்த பீர் கிடைத்தாலும் நல்லது. ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டிலை இப்போதே திறந்து, ருசியை எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் எதோடு ஒப்பிடுவீர்கள்? அப்புறம், 31 டிகிரியில் இத்தனை நாள் கிடந்ததில் கெட்டுவிட்டதா என்றும் தெரிந்துவிடும்.

மீதி ஒன்பது பாட்டிலுக்கு ஒரு அறை எதற்கு? ஒயின் வைக்கிற சின்ன ஃபிரிட்ஜ் வாங்கி 12 டிகிரியில் வையுங்கள். பாட்டில் நின்றபடி இருக்கட்டும், மண்டி அடியில் தங்கும். மாடிப்படிக்குக் கீழே வைக்கலாம், பின்பக்கம் காற்றுக்கு இடம் விட்டு. கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், சில மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டரில் அம்மாவின் ஃபேனை மாட்டுங்கள்.

ஃபிரிட்ஜ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தப் பன்னிரண்டையும் இன்றைக்கே சமையலறை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, ஜன்னலில் அடைத்ததைப் பிரித்து, அறையைக் கழுவி விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கட்டிலை இறக்கலாம். பழைய வீட்டு மாடிப்படி குறுகலாக இருக்கும், கட்டிலைக் கழற்றித்தான் கொண்டுவர வேண்டும். பீர் குடிக்க வரும் நண்பர்களில் இரண்டு பேரைக் காலையிலேயே வரச் சொல்லுங்கள்.