கூண்டுக் கிளிகளுக்குக் கட்டிகள் ஏன் வருகின்றன? வாசகர் கேள்விகளுக்குப் பறவை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய மருத்துவருக்கு வணக்கம். எங்கள் வீட்டில் வளரும் ஆண் பட்ஜிக்கு (கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் சிறு கிளி) நான்கு வயதாகிறது. ஒரு மாதமாக இடது காலை ஊன்ற முடியாமல் நொண்டுகிறது. நீலமாக இருந்த அதன் மூக்கும் (அலகுக்கு மேலே உள்ள சதைப் பகுதி) இப்போது பழுப்பாகிவிட்டது. சுளுக்குத்தான், எண்ணெய் தடவினால் சரியாகிவிடும் என்று பறவைக் கடைக்காரர் சொல்கிறார். தடவலாமா?
(வாசகி, ஈரோடு)

பதில்: எண்ணெய் தடவ வேண்டாம், அம்மா. இறகில் படியும் எண்ணெய் பறவையின் உடல் சூட்டைக் காக்கும் தன்மையைக் கெடுத்துவிடும். அலகால் இறகைக் கோதும்போது வயிற்றுக்குள்ளும் போய்ச் சேரும்.

நீங்கள் எழுதியுள்ள இரண்டு அறிகுறிகளையும் சேர்த்துப் பார்க்கையில், சுளுக்கைவிட வயிற்றுக்குள் வளரும் கட்டியையே நான் முதலில் சந்தேகிக்கிறேன். பறவைகளின் சிறுநீரகங்கள் முதுகெலும்பை ஒட்டிய எலும்புக் குழிகளில் பதிந்திருக்கின்றன. காலுக்குச் செல்லும் நரம்புகள் அந்தச் சிறுநீரகத்தின் ஊடாகவே செல்கின்றன. எனவே சிறுநீரகத்திலோ, அதை ஒட்டியுள்ள விந்தகத்திலோ கட்டி வளர்ந்தால் நரம்பு அழுந்தி, காலில் எந்தக் காயமும் இல்லாமலே ஒரு பக்கக் கால் மட்டும் வலுவிழக்கும். கிளி இனங்களிலேயே இத்தகைய கட்டிகள் மிக அதிகமாகக் காணப்படுவது பட்ஜிகளில்தான். மூக்கின் நிறமாற்றம் இன்னும் தெளிவான தடயம். விந்தகக் கட்டிகளில் ஒரு வகை பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜனை உண்டாக்குவதால், வளர்ந்த ஆணின் நீல மூக்கு பெண்ணுக்குரிய பழுப்பு நிறத்துக்கு மாறுகிறது. (மஞ்சள் நிற லுட்டினோ, வெள்ளை நிற அல்பினோ போன்ற நிற வகைகளில் ஆணின் மூக்கு இயல்பிலேயே இளஞ்சிவப்பாக இருக்கும் என்பதால், அவற்றில் நீலம் இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.)

இருந்தாலும் நேரில் பார்க்காமல் உறுதி சொல்வது முறையல்ல. கால் வளையம் இறுகுவது, எலும்பு முறிவு, பாதப்புண், யூரிக் அமிலம் மூட்டுகளில் படிவது ஆகியவையும் நொண்டலை உண்டாக்கும். எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் தெளிவு கிடைத்துவிடும். ஈஸ்ட்ரோஜன் மிகுந்த பறவையின் எலும்புகள் வழக்கத்தைவிட அடர்த்தியாகத் தெரிவதும் உண்டு. உங்களுக்கு அருகில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கு கொண்டு சென்று காட்டுங்கள்.

சிறுநீரகக் கட்டியை அறுவை சிகிச்சையால் அகற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம். எலும்புக்குள் பதிந்த அந்த உறுப்பைச் சுற்றி ஓடும் இரத்தக் குழாய்கள் சேதமானால், 30 கிராம் எடையுள்ள பறவை தாங்காது. விந்தகக் கட்டியாக இருந்தால் லியூப்ரோலைடு, டெஸ்லோரெலின் போன்ற ஹார்மோன் மருந்துகளால் சில பறவைகளுக்குச் சில மாதங்கள் நிம்மதி கிடைக்கிறது. நோய் முற்றிலும் நீங்கிவிடும் என்று நம்பிக்கை தர மாட்டேன். வலிக்கு மெலாக்சிகாமை மருத்துவர் எடைக்கேற்ப அளந்து தருவார். மனிதர்களுக்கான வலி மாத்திரையை உடைத்துக் கொடுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். கூண்டில் குச்சிகளைத் தாழ்வாக வைத்து, மென்மையான துணியைச் சுற்றி, உணவும் தண்ணீரும் எட்டும் உயரத்தில் இருக்குமாறு பாருங்கள். இரை எடுப்பதை அது நிறுத்தி, மூச்சுவிடத் திணறத் தொடங்கினால், வலியின்றி விடைகொடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசத் தயங்க வேண்டாம். அதுவும் அந்த உயிரின் மீது கொண்ட அக்கறைதான்.

கேள்வி: நான் பட்ஜிகளை இனப்பெருக்கம் செய்து விற்கிறேன். அரிய நிறம் நிலைக்க வேண்டும் என்பதற்காகத் தந்தையையும் மகளையும், உடன்பிறந்தவற்றையும் ஜோடி சேர்த்தேன். இப்போது முட்டையிட வைக்கும் பானையில் முட்டைகள் பொரிக்காமல் போகின்றன. ஒரு குஞ்சுக்கு இறகு வளர்ந்துகொண்டே போய்க் கண்களையே மூடிவிட்டது. என்ன காரணம்?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இறகு நிற்காமல் வளரும் அந்தக் குஞ்சுக்கு இருப்பது, வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் 'ஃபெதர் டஸ்டர்' என்று அழைக்கும் குறைபாடு. இத்தகைய குஞ்சுகள் சோர்ந்து கிடக்கும். பெரும்பாலும் ஓராண்டுக்குள் இறந்துவிடும். பெற்றோர் இருவரிடமும் ஒளிந்திருக்கும் குறையுள்ள மரபணு குஞ்சிடம் ஒன்றுசேரும்போது இது வெளிப்படுகிறது என்றே பெரும்பாலான வல்லுநர்கள் கருதுகிறார்கள்.

கணக்கைச் சொல்கிறேன். அப்படிப்பட்ட மரபணுவை மறைவாகச் சுமக்கும் இரண்டு பறவைகளை ஜோடி சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு குஞ்சுக்கு நோய் வெளிப்படும். நலமாகத் தோன்றும் மற்ற மூன்றில் இரண்டு குஞ்சுகள் குறையைச் சுமந்தபடி அடுத்த தலைமுறைக்குப் போகும். உறவில்லாத பறவைகள் சேரும்போது ஒரே குறை இருபுறமும் இருக்கும் வாய்ப்பு குறைவு. தந்தையும் மகளும் சேரும்போது அந்த வாய்ப்பு பல மடங்காகிறது. முட்டை பொரிக்காமல் போவதும், குஞ்சுகள் பலவீனமாக இருப்பதும் நெருங்கிய உறவு இனப்பெருக்கத்தின் வழக்கமான விளைவுகளே. பிரேசிலின் நீல நிறக் கிளியான ஸ்பிக்ஸ் மக்காவ் 2000-இல் காட்டில் மறைந்த பிறகு, கூண்டுகளில் எஞ்சிய மிகச் சில பறவைகளிலிருந்தே அந்த இனத்தை மீட்க வேண்டியிருந்தது. அவற்றின் முட்டைகள் பல பொரிக்கவில்லை. ஒவ்வொரு ஜோடியின் உறவு நெருக்கத்தையும் கணக்கிட்டுச் சேர்த்து, செயற்கைக் கருவூட்டலையும் கையாண்ட பிறகே 2022-இல் சில பறவைகளைக் காட்டில் விட முடிந்தது. அந்த இனத்தை மீட்டவர்களுக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது: வேறு வம்சத்துப் பறவைகள் சந்தையில் ஏராளம்.

நிறத்தின் மீது எனக்குப் பகையில்லை. காட்டுப் பட்ஜி பச்சை நிறத்தது. நீல பட்ஜியில் மஞ்சள் நிறமி உருவாகாமல் போவது ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால்தான் என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த மாற்றம் பறவையை நோயாளியாக்குவதில்லை. நிறத்தை விரைவாகப் பெருக்க உறவுக்குள்ளேயே ஜோடி சேர்க்கும் அவசரம்தான் மறைந்திருக்கும் குறைகளை எல்லாம் வெளியே கொண்டுவருகிறது.

கட்டிகளைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு வயதுகூட நிறையாத பறவைகளைப் பானைக்கு அனுப்பிவிடுகிறோம். கட்டிகளோ பெரும்பாலும் அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரியவருகின்றன. நோய் தெரிவதற்குள் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விற்றுப் போயிருக்கும். நோய்க்கான சாய்வு வம்சத்தில் இருந்தால் அது இப்படித்தான் பரவும். ஆகவே, எந்தப் பறவை யாருடைய குஞ்சு, எந்த வயதில் எதனால் இறந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தாயும் தந்தையும் ஆறு, ஏழு வயதுவரை நலமாக வாழ்ந்த குஞ்சுகளையே இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுங்கள். குறையுள்ள குஞ்சைத் தந்த ஜோடியை மீண்டும் சேர்க்காதீர்கள். வருமானம் சில காலம் குறையும் என்பதை அறிந்தே சொல்கிறேன்.

கேள்வி: என் பட்ஜியின் நெஞ்சில் மெத்தென்று ஒரு கட்டி இருக்கிறது. தினையும் சூரியகாந்தி விதையும் மட்டுமே சாப்பிடுகிறது. புற்றுநோயா?
(வாசகர், திருச்சி)

பதில்: உடல் பருத்த பட்ஜிகளின் நெஞ்சில் வரும் மென்மையான கட்டி பெரும்பாலும் கொழுப்புக் கட்டியே. சூரியகாந்தி விதையை நிறுத்திவிட்டு முருங்கைக்கீரை, கேரட் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். கூண்டுக்கு வெளியே பறக்க விடுங்கள். சில கட்டிகள் இதிலேயே சுருங்கும். வேகமாக வளர்ந்தாலோ, மேல்தோல் மஞ்சளாகத் தடித்தாலோ, பறவை அதைக் கொத்திப் புண்ணாக்கினாலோ அறுவை சிகிச்சை தேவைப்படலாம். வாரம் ஒருமுறை ஒரு கிராம் துல்லியமுள்ள தராசில் எடை பாருங்கள். கூடவே நெஞ்செலும்பையும் விரலால் தடவிப் பாருங்கள். வயிற்றுக்குள் கட்டி வளரும்போது எடை குறையாமலே சதை கரைந்து, எலும்பு கூர்மையாகத் தென்படும்.

கேள்வி: கட்டியால் இறந்த பறவையின் கூண்டில் மற்றவற்றை விடலாமா? இறப்பின் காரணத்தை எப்படி அறிவது?
(வாசகி, மதுரை)

பதில்: பட்ஜிகளின் சிறுநீரக, விந்தகக் கட்டிகள் கூண்டில் உடன் இருப்பதால் தொற்றுவதாகக் கொள்ள வேண்டியதில்லை, கூண்டைக் கழுவி உலர்த்திப் பயன்படுத்துங்கள். ஆனால் மக்காவ், அமேசான் கிளிகளின் கழிவாயில் வரும் பாப்பிலோமா (மரு போன்ற) கட்டிகள் ஹெர்பிஸ் வகை வைரஸுடன் தொடர்புடையவை. அவற்றைப் பிரித்தே வைக்க வேண்டும். காரணம் அறியப் பிரேதப் பரிசோதனை ஒன்றே வழி. இறந்த பறவையின் இறகுகளைச் சோப்பு நீரில் நனைத்து, பையிலிட்டு, ஃபிரீசரில் வைக்காமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கொடுங்கள். உறைந்துபோன திசுவில் கட்டியின் வகையை அடையாளம் காண்பது கடினம்.