பறித்த கயிறும் திரும்பி வந்த கண்ணும்

கேள்வி: கோடை விடுமுறையில் என் மகன் 'ஸ்டார் ட்ரெக்' என்ற பழைய ஆங்கிலத் தொடரை வீட்டில் போட்டுக் காட்டினான். முதுகெலும்பு நொறுங்கிப்போன ஒரு வீரன், நடக்க முடியாத வாழ்வு வேண்டாம் என்று சாகத் துணிகிறான். அந்த இடத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் மருத்துவர்கள் புதிய முதுகெலும்பைப் பொருத்தி அவனை எழுப்பிவிடுகிறார்கள். ஆனால் காலிப்பர் அணிந்து நடக்கும் என் தம்பி மகன் பாதியிலேயே எழுந்து போய்விட்டான். நல்லதைக் காட்டினாலும் குறை காண்பது சரியா? நட்சத்திரங்களுக்குப் பறக்கும் காலத்தில் ஊனம் என்பதே இருக்காது என்று காட்டுவது முன்னேற்றம்தானே?

– வாசகர் ஒருவர், திருத்துறைப்பூண்டி

பதில்: பாதியிலேயே எழுந்து போய்விட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் 'நல்லது' என்று குறிப்பிடும் முடிவை உங்கள் தம்பி மகன் பார்க்கவே இல்லை. அவர் பார்த்தது முன்பாதியை மட்டும்தான். நடக்க முடியாமற்போன ஒருவன் இனி வாழத் தகுதியில்லை என்று தன்னைப் பற்றித் தானே தீர்ப்புச் சொல்ல, சுற்றி நிற்பவர்கள் கனத்த முகத்தோடு அதை விவாதிக்க, இங்கே கூடத்தில் பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கூடத்தில் காலில் காலிப்பரோடு உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான். உங்கள் கண்ணீர் யாருக்காக என்று அவர் யோசித்திருக்க மாட்டாரா?

நீங்கள் பார்த்தது 'ஸ்டார் ட்ரெக்' வரிசையில் 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற தொடரில் 1992இல் ஒளிபரப்பான 'எதிக்ஸ்' என்னும் பகுதி. அதை மோசமான பகுதி என்று நான் சொல்ல மாட்டேன். கிளிங்கான் என்னும் வேற்றுலகப் போர்வீரர் இனத்தைச் சேர்ந்த வோர்ஃப், தன் குல வழக்கப்படி உயிரை விடத் துணைநிற்குமாறு நண்பன் ரைக்கரைக் கேட்கிறான். ரைக்கர் அந்த வழக்கத்தைத் தேடிப் படித்து, துணைநிற்க வேண்டியவன் நண்பன் அல்லன், மகன் என்று கண்டுபிடித்து, சிறுவனான உன் மகனிடம் போய்க் கேள் என்று சொல்லிவிடுகிறான். வோர்ஃபால் கேட்க முடியவில்லை. அந்த இடம் நன்றாக எழுதப்பட்ட இடம். உங்கள் கண் அங்கே கலங்கியிருந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்பே ஒரு காட்சி வந்து போகிறது. கப்பலின் மருத்துவர், உடலில் கருவிகளைப் பொருத்திப் பயிற்சி செய்தால் 60 விழுக்காடு வரை இயக்கம் திரும்பும் என்று சொல்கிறார். வோர்ஃப் சீறி விழுகிறான். கப்பலின் நடைவழிகளில் தடுமாறிக்கொண்டு போகும் நிலையில் தன்னை யாரும் பார்க்கக் கூடாதாம். அந்த 60 விழுக்காட்டு நடையோடுதான், ஐயா, உங்கள் தம்பி மகன் தினமும் கடைத்தெருவுக்குப் போய்வருகிறார். கதை அந்த நடையைச் சாவைவிடக் கேவலமானது என்று ஒருவன் வாயால் சொல்லவைத்துவிட்டு, அதற்கு ஒருவர்கூட நேராகப் பதில் சொல்லாமல், அறுவைச் சிகிச்சையின் நியாய அநியாயங்களுக்குத் தாவிவிடுகிறது. பிறகு சிகிச்சை வெல்கிறது. அடுத்த பகுதியில் வோர்ஃப் எதுவும் நடவாததுபோல் நிமிர்ந்து நடக்கிறான். அவர் எழுந்து போனது இந்தக் காட்சியிலா, வேறு காட்சியிலா என்று எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் இந்தக் காட்சியில் எழுந்திருப்பேன்.

இதே 'ஸ்டார் ட்ரெக்' வரிசையில் அடுத்து வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில், 1993இல், 'மெலோரா' என்று ஒரு பகுதி உண்டு. உங்கள் மகனிடம் சொல்லி அதைத் தேடச் சொல்லுங்கள். ஈர்ப்புவிசை மிகக் குறைந்த உலகில் பிறந்த மெலோரா என்ற இளம் அதிகாரி, வேற்றினத்தார் கட்டிய ஒரு விண்நிலையத்துக்குப் பணியாற்ற வருகிறாள். தன் ஊரில் காற்றில் மிதந்து திரிந்தவளுக்கு இங்கே சக்கர நாற்காலி வேண்டியிருக்கிறது. அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. நிலையத்தின் வாசல்கள்தாம் அவளை மறிக்கின்றன. நம் கோயில் வாசல்களில் கால் தூக்கித் தாண்டவேண்டிய நிலைப்படிகள் இருக்கின்றன அல்லவா, ஏறக்குறைய அப்படியே அந்த நிலையத்தின் கதவுகளிலும் உயர்ந்த விளிம்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் இடறி அவள் விழுகிறாள். எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறவளாகவும் அவளைக் காட்டியிருக்கிறார்கள். 'ஊனமுற்றவர் என்றால் சாந்தமாகச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும்' என்று எதிர்பார்க்கும் நமக்கு அது கொஞ்சம் உறுத்தும், உறுத்தட்டும்.

பிறகு அவள் தன் அறைக்குள் போய் ஈர்ப்பைத் தாழ்த்திக்கொள்கிறாள். அவ்வளவு நேரம் அவளுக்குக் கை கொடுக்க முனைந்த மருத்துவர் பஷீர், அந்த அறைக்குள் நுழைந்ததும் கை கால் எங்கே போகிறதென்று தெரியாமல் தத்தளிக்கிறார். இப்போது கற்றுக்கொடுப்பவள் அவள். இந்த ஒரு காட்சி சொல்வதைப் பத்துக் கருத்தரங்குகள் சொல்லிவிடாது. அவளை எப்போதைக்குமாக நடக்கவைக்கும் சிகிச்சையைப் பஷீர் தொடங்குகிறார். ஆனால் அதை முடித்தால் தன் சொந்த உலகுக்குத் திரும்பி வாழ முடியாது என்று தெரிந்ததும் அவள் அதை நிறுத்திவிடுகிறாள். இதை எழுதியவர்களில் ஒருவரான இவான் கார்லோஸ் சோமர்ஸ் சக்கர நாற்காலியில் இயங்குபவர் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

வெளிநாட்டுத் தொடர்களையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நீங்கள் முகம் சுளிக்க வேண்டாம். திருத்துறைப்பூண்டியிலிருந்து திருவாரூர் எவ்வளவு தூரம்? 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி' என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அந்தக் கமலாலயக் குளத்தைத் தோண்டிப் பெரிதாக்கிய தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே கண் இல்லாதவர் என்பது பெரிய புராணம். எப்படித் தோண்டினார்? குளத்துக்குள் ஒரு தறி, அதாவது நட்டுவைத்த கம்பு, கரையில் ஒரு தறி, இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு. கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி, மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்து, கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கொட்டிவிட்டு வந்தார். நீங்கள் பார்த்த தொடரில் வான்வெளிக் கப்பலின் கண் தெரியாத பொறியாளர் ஒருவர் (அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்) அணியும் கருவிக்கு இந்தக் கயிறு எந்த வகையில் குறைந்தது? எதிர்ப்பாளர்கள் வந்து ஏளனம் செய்து, மண்வெட்டியைப் பிடுங்கி, தறியையும் கயிற்றையும் பறித்துப் போட்டார்கள். அந்த நொடி வரைக்கும் அவர் வேலை செய்துகொண்டிருந்த மனிதர். கயிற்றைப் பறித்த பிறகுதான் குருடர் ஆனார். இறைவன் அருளால் கயிறு திரும்பி வந்தது என்று கதை போயிருக்கலாம். போகவில்லை. குளத்தில் மூழ்கி எழுந்த அடியாருக்குக் கண் வந்தது, எதிர்த்தவர்களுக்குக் கண் போனது. சேக்கிழார் பக்தியின் பெருமையைச் சொல்ல வந்தவர், அவரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் கண் வருவது பரிசு, கண் போவது தண்டனை என்ற கணக்கு நம் மனத்தில் எவ்வளவு காலமாக ஊறிக் கிடக்கிறது என்று பாருங்கள். வோர்ஃபின் புதிய முதுகெலும்பைப் பார்த்து நாம் மகிழ்வதும் இந்தக் கணக்கில்தான்.

தண்டனைப் பக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு மட்டும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1975இல் அறிமுகமான டாவ்ரோஸ் என்னும் கொடியவன், சிதைந்த உடலோடு சக்கர இருக்கை போன்ற ஒன்றில் வலம் வருபவன். ஊனத்தையும் கொடுமையையும் முடிச்சுப்போடும் பழக்கத்தை இனித் தொடர விரும்பவில்லை என்று சொல்லி, அதன் தயாரிப்பாளர் ரஸல் டி. டேவிஸ் 2023இல் அவனை நிமிர்ந்து நிற்பவனாகக் காட்டினார். பழைய ரசிகர்கள் கோபித்துக்கொண்டார்கள். அதே மாதம் அதே தொடரில், சக்கர நாற்காலியில் இயங்கும் ரூத் மேட்லி என்ற நடிகை, அறிவியல் ஆலோசகர் வேடத்தில் வந்தார். கோபித்துக்கொண்டவர்களுக்கு அதைவிட நல்ல பதிலை நான் சொல்லிவிட முடியாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எதிர்காலத்தில் ஊனமே இருக்காது என்று காட்டுவது முன்னேற்றம் என்கிறீர்கள். நீங்கள் பார்த்த தொடரிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஜோர்டி லா ஃபோர்ஜ் என்ற தலைமைப் பொறியாளர் பிறவியிலேயே பார்வையற்றவர். கண்களை மறைக்கும் ஒரு கருவியை அணிந்திருப்பார். தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்து 1975இல் மறைந்த ஜார்ஜ் லா ஃபோர்ஜ் என்ற ரசிகரின் நினைவாக வைத்த பெயர் அது. 1992இலேயே வந்த இன்னொரு பகுதியில், குறையுள்ள குழந்தை பிறக்காதபடி மரபணுக்களைத் தேர்ந்தெடுத்து மனிதர்களை உருவாக்கும் ஒரு குடியேற்றத்துக்கு இந்தக் கப்பல் போகிறது. நீங்கள் கனவு காணும் அதே உலகம். அங்கே நான் பிறக்கவே கூடாது என்று முடிவு செய்ய இவர்களுக்கு உரிமை கொடுத்தது யார் என்று ஜோர்டி கேட்கிறார். அந்த உலகை அழிக்க வரும் விண்மீன் துண்டைத் திருப்புவதற்கான வழியும் அவருடைய கருவியின் நுட்பத்திலிருந்தே கிடைக்கிறது. கதையை இப்படி முடித்தது கொஞ்சம் வசதியான ஏற்பாடுதான். உலகத்தைக் காப்பாற்றாத பார்வையற்றவருக்கும் பிறக்கும் உரிமை உண்டு. ஆனாலும் கேள்வி சரியான கேள்வி.

1987இல் வந்த வேறொரு பகுதியில், மாய ஆற்றல் கைவரப்பெற்ற ரைக்கர், கையசைத்து ஜோர்டிக்குப் பார்வையைக் கொடுத்துவிடுகிறார். ஜோர்டி சுற்றிலும் பார்க்கிறார், மகிழ்கிறார், பிறகு வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிறார்: விலை அதிகம், அதோடு யாருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்குமோ அவரை எனக்குப் பிடிக்கவில்லை என்று. மூன்று சக்கர வண்டி வழங்கும் விழாக்களில் வண்டியைவிடப் பெரிய பதாகையைக் கட்டி, வாங்குபவரைப் புகைப்படத்துக்கு நிற்கவைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. ஜோர்டி மறுத்த விலை என்னவென்று அந்த வரிசையில் நின்றவர்களுக்குப் புரியும்.

ஜோர்டியாக நடித்த லெவார் பர்ட்டன் பார்வையுள்ளவர் என்பதும், கருவியை மாட்டிக்கொண்டதும் அவருக்குப் பெரும்பாலும் கண் தெரியாமல் போய்ப் படப்பிடிப்பில் முட்டி மோதிக்கொண்டார் என்பதும் இந்தக் கதையின் வேடிக்கைப் பக்கம். அதே தொடரில் 1989இல், காது கேளாத சமாதானத் தூதராக வந்த ஹோவி சீகோ உண்மையிலேயே காது கேளாதவர். அந்தத் தூதர் முடிவில் வாயால் பேசக் கற்றுக்கொள்வதாக முதலில் இருந்த கதையை அவர் ஏற்கவில்லை. காது கேளாத குழந்தைகள்மீது அது எவ்வளவு பாரமாக விழும் என்று எடுத்துச் சொன்னார். கதை மாறியது. போரிடும் இரு தரப்பும் அவரிடம் சைகை மொழி கற்கவேண்டும் என்று முடிகிறது. முடிவெடுக்கும் இடத்தில் ஒருவர் இருந்ததால் வந்த மாற்றம் இது.

இவ்வளவையும் எழுதும் நான் உட்கார்ந்திருப்பது கும்பகோணத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில். 18 படிகள்; கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். பல ஆண்டுகளாக இவ்விதழுக்குச் சிறுகதை எழுதிவரும் ஒருவர், மூன்று சக்கர வண்டியில் வந்து வாசலில் நின்று, கைப்பிரதியை எங்கள் உதவியாளரிடம் கொடுத்துவிட்டுப் போவார். நான் இறங்கிப்போய் அவரைப் பார்த்தது இரண்டு முறை. 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை இவ்விதழில் ஒரு தடவைகூடத் தவறாமல் அச்சிடுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் மூன்று பக்கம் இருந்தது. மேலே அச்சாகியிருப்பது சுருக்கம். மூன்று பக்கத்திலும் உங்கள் தம்பி மகன் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. எந்தக் காட்சியில் எழுந்தார் என்று அவரையே கேளுங்கள். 'மெலோரா'வைப் போடும் நாளில் அவரைக் கூப்பிடுங்கள். வருகிறாரா, வேறு வேலை இருக்கிறது என்கிறாரா என்பது அவர் விருப்பம்.