ஒல்லியாக இருந்தும் சுகரா? தொடையையும் கெண்டைக்காலையும் கொஞ்சம் வேலை வாங்குங்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு 44 வயது, எடை 52 கிலோ, தையல் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை வெறும் வயிற்றில் 108, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 166, ஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) 6.1. மாத்திரை எதுவும் இல்லை. “இன்சுலின் சுரக்குது, உடம்புதான் அதைக் கேக்கல, எக்சர்சைஸ் பண்ணுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் இனிப்பே தொடுவதில்லை. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நடக்கிறேன், அது போதாதா? இரண்டு வருடமாக மெஷினுக்கு மோட்டார் போட்டுவிட்டேன், மிதிப்பதும் இல்லை.

பதில்: உங்கள் எண்கள் இன்னும் நீரிழிவு இல்லை, அதற்கு முந்தைய கட்டம். ஞாயிறு நடையை விட்டுவிடாதீர்கள், ஆனால் அது மட்டும் போதாது.

சர்க்கரை என்றாலே எல்லோரும் கணையத்தைத்தான் நினைக்கிறோம். ஆனால் ரத்தக் குழாய் வழியாக இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றிப் பார்த்த சோதனைகளில், உடம்பு எடுத்துக்கொண்ட குளுக்கோஸில் ஏறக்குறைய முக்கால் பங்கு தசைகளுக்குத்தான் போனது. தசை வாங்க மறுத்தால் அது ரத்தத்திலேயே சுற்றும், கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரந்து களைத்துப்போகும்.

தசை ஏன் மறுக்கிறது? குளுக்கோஸை உள்ளே இழுக்கும் குளூட்-4 என்ற புரதங்கள் சாதாரண நேரத்தில் தசை செல்லுக்கு உள்ளே சுருண்டு கிடக்கும். இன்சுலின் வந்து வெளிச்சுவரைத் தொட்டதும் உள்ளே ஒரு சமிக்ஞை போகும், அவை மேலே வந்து நிற்கும். தசைக்குள் கொழுப்பு சேர்ந்துவிட்டால் அந்தச் சமிக்ஞை பாதியிலேயே மங்கிவிடுகிறது.

என் உடம்பில் ஏது கொழுப்பு என்பீர்கள். புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் தங்களையே அளந்து 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு (பிஎம்ஐ) ஒன்றுதான், 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! ஒல்லி என்பதால் தசை இருக்கிறது, கொழுப்பு இல்லை என்று நம்ம ஊர் உடம்பில் அர்த்தமில்லை.

இனி நல்ல செய்தி, இதைச் சொல்லும்போது எனக்கே உற்சாகமாக இருக்கும். தசை சுருங்கி வேலை செய்யும்போது அதே குளூட்-4 இன்சுலினைக் கேட்காமலே, வேறொரு பாதையில் மேலே வந்துவிடும். சுகர் உள்ளவர்களுக்கும் இந்தப் பாதை கெடுவதில்லை. வேலை முடிந்த பிறகும் தசை காலியான கிளைகோஜன் கிடங்கை, அதாவது தனக்கென்று சேமித்து வைக்கும் சர்க்கரையை, நிரப்ப வேண்டியிருப்பதால் இன்சுலின் சொல்வதை நன்றாகக் கேட்கும், ஆனால் அது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான். உங்கள் ஞாயிறு நடையின் பலன் செவ்வாயோடு முடிந்துவிடுகிறது, புதன் முதல் சனி வரை ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்தையே பிரித்துப் போட்டாலும் கூடுதல் பலன், வாரம் 150 நிமிடம் வரை போனால் இன்னும் நல்லது. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இடைவெளி விடக் கூடாது.

முதலில் இரவுச் சாப்பாட்டைப் பிடியுங்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் பதினைந்து நிமிடம், தெருவிலோ மொட்டை மாடியிலோ. நம்பிக்கை வர வேண்டுமா? ஒரு நாள் நாலு இட்லி சாம்பார் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருங்கள், மறுநாள் அதே நாலு இட்லிக்குப் பிறகு நடங்கள், இரண்டு நாளும் ஒன்றரை மணி நேரத்தில் குளுக்கோமீட்டரில் பாருங்கள்.

அப்புறம் மெஷின். மோட்டாரைக் கழற்றச் சொல்லவில்லை, உங்கள் பிழைப்பு அது. ஆனால் ஓரம் அடிப்பது, பட்டி வைப்பது மாதிரி சின்ன வேலைகளையாவது பெல்ட்டை மாற்றி மிதித்தே தைக்கலாம். கெண்டைக்கால் தசை நீண்ட நேரம் சலிக்காமல் உழைக்கக்கூடியது, அதை நாள் முழுக்கச் சும்மா வைத்திருப்பது நஷ்டம்.

நடை மட்டும் போதாது, தசை வளரவும் வேண்டும், கிடங்கு பெரிதாவது அப்படித்தான். வாரம் மூன்று நாள், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து மெதுவாக உட்காருங்கள், பத்துப் பத்தாக மூன்று தடவை. சுவரில் கை வைத்துத் தள்ளுவதும் அதே கணக்கு. ஒவ்வொரு பத்திலும் கடைசி இரண்டு முறை எழும்போது தொடை கடுக்க வேண்டும், கடுக்கவில்லை என்றால் கையில் தண்ணீர் பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் சுண்டல், பருப்பு, முட்டை கொஞ்சம் கூடட்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம், கையில் மிட்டாய் வேண்டும். விழித்திரை பாதிப்போ நெஞ்சு வலியோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் பளு தூக்காதீர்கள்.

எடை குறையவில்லையே என்று மனம் விடாதீர்கள். டாக்டர் ராமச்சந்திரன் குழு சென்னையிலிருந்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு எடை பெரிதாகக் குறையாமலேயே நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மூன்று மாதம் கழித்து ஏ1சி எடுங்கள். அதுவரை கழுத்தில் தொங்கும் டேப்பாலேயே, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மாதம் ஒருமுறை அளந்து நோட்டில் குறித்து வையுங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும்.