வெஸ்டர்ன் (கௌபாய் கதை) தொடர்கள் ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கின்றன? லைட் போடச் சோம்பேறித்தனமா?

சோம்பேறித்தனம் என்று கேட்டதால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் லைட்டிங் வேலையில் இருப்பவன். நீங்கள் பட்டப்பகலில், ஜன்னல் திறந்திருக்கும் ஹாலில் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ‘டெட்வுட்’ என்ற வெஸ்டர்ன் தொடரில் ஒரு எபிசோடாவது பாருங்கள்.

அந்தக் கதை தொடங்குவது 1876-இல், அமெரிக்காவின் டகோட்டாவில் தங்கம் தேடி வந்தவர்கள் கூடிய ஊரில். எடிசனின் பல்ப் வந்ததே 1879-இல்தான். அந்த ஊர் சலூனில், அதாவது மதுக்கடையில், ராத்திரி வெளிச்சம் என்றால் எண்ணெய் விளக்கும் மெழுகுவர்த்தியும்தான். மேஜையை விட்டு நாலடி தள்ளி நிற்பவன் முகம் பாதி இருட்டில்தான் இருக்கும்.

சரி, விளக்கை ஏற்றி வைத்து அப்படியே எடுத்துவிடலாமே என்றால், அதுவும் நடக்காது. படிக்கிற காலத்தில் எங்கள் ஆசிரியர் அந்தத் தொடரின் சலூன் காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டி, அதே மாதிரி ஒரு ஷாட் எடுக்கச் சொன்னார். மேஜையில் அரிக்கேன் விளக்கை வைத்தோம். முகம் தெரிகிற அளவுக்குக் கேமராவின் ஒளித்துளையைத் திறந்தால் சிம்னி வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. சுடருக்காகக் குறைத்தால் முகம் காணாமல் போனது. கடைசியில் ஆசிரியரே வந்து, கேமராவுக்குத் தெரியாதபடி விளக்குக்குப் பின்புறம் ஒரு குட்டி பல்பை ஒட்டி, ஆரஞ்சு ஜெல் (நிறத்தாள்) சுற்றி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் போட்டார். ஒருவன் உட்கார்ந்து டிம்மரை லேசாக ஏற்றி இறக்கினான். சுடர் ஆடுவது போலவே நடித்தவர் கன்னத்தில் வெளிச்சம் ஆடியது. அந்த ஒரு ஷாட்டிலேயே ராத்திரி போய்விட்டது.

பகல் காட்சியும் லேசில்லை. ‘டெட்வுட்’ எடுத்தது கலிஃபோர்னியாவில், மெலடி ராஞ்ச் என்ற படப்பிடிப்புத் தளத்தில். உச்சி வெயிலில் அகலத் தொப்பி போட்டவருக்கு மூக்கு வரை நிழல் விழும், கண்ணே தெரியாது. கீழேயிருந்து வெள்ளை போர்டில் வெயிலைத் திருப்பிவிட வேண்டும். கொஞ்சம் கூடினாலும் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிடும். பழைய வெஸ்டர்ன் படங்களில் பாலைவன ராத்திரியைப் பகலிலேயே எடுத்து, எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் போகும் வெளிச்சத்தை) குறைத்து நீலமாக்கிவிடுவார்கள். அவ்வளவு பெரிய வெட்டவெளிக்கு யார் லைட் போடுவது?

எல்லா இருட்டுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. பேசுவது யார் என்றே தெரியாத தொடர்களும் இருக்கின்றன. ஆனால் நெட் வேகம் குறையும்போது இருட்டான இடங்கள் கட்டம் கட்டமாக உடைவதற்கு ஒளிப்பதிவாளர் என்ன செய்வார்?

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ‘டெட்வுட்’ தொடருக்காக ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் கிளென்னன் 2005-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருது வாங்கினார். அவர் பெயராவது பதிவில் இருக்கிறது. லைட் தூக்கியவர்கள் பெயர் கடைசியில் ஓடும்போதே ஸ்ட்ரீமிங் ஆப்கள் திரையைச் சுருக்கி அடுத்த எபிசோடுக்குத் தாவிவிடுகின்றன. ஒரு நிமிடம்கூட விடுவதில்லை. செட்டிங்ஸில் போய் ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள்.