வாசகர் கேள்வி பதில்: "கடைக்குப் போய்வர எத்தனை சாட் தருவீங்க?"

இந்த மாதம் வந்தவற்றில் மூன்று கடிதங்கள் பிள்ளைகளைப் பற்றியவை. ஒன்றுக்குச் சொல்லும் பதில் இன்னொன்றுக்கும் உதவும் என்பதால் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். தலைப்பில் வரும் சாட், நம் மியான்மரின் பணம்.

கேள்வி: சயாமாவுக்கு (ஆசிரியை அம்மாவுக்கு) வணக்கம். என் மகனுக்கு 10 வயது. எந்த வேலை சொன்னாலும் "எத்தனை சாட் தருவீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறான். ஆரம்பித்து வைத்தது நாங்கள்தான். கடைக்குப் போய்வந்தால் 200 சாட் என்று கொடுத்துப் பழக்கினோம். இப்போது முழங்கால் வலியோடு உட்கார்ந்திருக்கும் என் மாமியாருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட காசு கேட்கிறான். சுயநலக்காரனாக வளர்ந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், யாங்கோன்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. நீங்கள் சொல்லிக்கொடுத்த கணக்கைத்தான் பிள்ளை உங்களிடம் ஒப்பிக்கிறான். மனசு கெட்டுப்போகவில்லை.

ஜெர்மனியில் வார்னெக்கன், டோமசெல்லோ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 20 மாதக் குழந்தைகளை வைத்து ஒன்று செய்துபார்த்தார்கள். பெரியவர் ஒருவர் கை எட்டாத பொருளுக்குத் தவிப்பார்; குழந்தை அதை எடுத்துக் கொடுக்கும். கொடுத்த குழந்தைகளில் சிலருக்கு விளையாட்டுச் சாமான் பரிசு. சிலருக்கு வாயால் ஒரு பாராட்டு. மற்றவர்களுக்கு ஒன்றுமே இல்லை. அதற்கப்புறம் மறுபடி உதவி தேவைப்பட்டபோது, பரிசு வாங்கிப் பழகிய குழந்தைகள்தான் மற்ற இரண்டு கூட்டத்தையும்விடக் குறைவாக உதவினார்கள். 2008-இல் இதை வெளியிட்டார்கள். இரண்டு வயதுகூட ஆகாத பிள்ளைக்கே அப்படி என்றால், 10 வயதுப் பையன் காசு கேட்பதில் என்ன ஆச்சரியம்?

அதற்காகக் கைக்காசை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். வேலையையும் காசையும் சேர்த்துப் போட்ட முடிச்சை மட்டும் அவிழ்த்துவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் குறித்து, அவன் என்ன செய்தான், செய்யவில்லை என்று பார்க்காமல் அந்தக் காசைக் கொடுத்துவிடுங்கள். "இது உனக்கு. வீட்டு வேலை நம்ம எல்லாருக்கும்" என்று ஒரே தடவை சொன்னால் போதும். சில நாட்கள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, என்ன வேலை கொடுப்பது என்பது. "உன் புத்தகத்தை அடுக்கு, உன் படுக்கையை மடி" என்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் அது அவனுக்காக அவன் செய்துகொள்வது. 1950-களில் வைட்டிங் என்ற மானிடவியலாளர் தம்பதியின் குழு கென்யா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், ஜப்பானின் ஒகினாவா, இந்தியா, அமெரிக்கா என்று ஆறு இடங்களில் குழந்தைகளைக் கூர்ந்து கவனித்தது. தம்பி தங்கையைத் தூக்கி வளர்த்து, வீட்டுக்குத் தேவையான வேலையில் கைகொடுத்த பிள்ளைகளிடம்தான் அடுத்தவர்மேல் அக்கறை அதிகம் இருந்தது என்று கண்டார்கள். அமெரிக்க ஊரில் பிள்ளைகளுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் தன் சாமானை, தன் அறையை ஒழுங்கு செய்வதுதான். அங்கே அந்த அக்கறை அவ்வளவாக வளர்ந்திருக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். நான் வளர்ந்தது மோல்மேனில். வழிப்போக்கர்களுக்காக வாசலில் மரமேடை போட்டு இரண்டு மண்பானை வைத்திருப்போம். தமிழ்நாட்டில் ஊர்ப்பக்கம் கோடைக்கு மட்டும் தண்ணீர்ப்பந்தல் போடுவார்கள் என்று அப்பா சொல்வார். இந்த நாட்டிலோ வருஷம் முழுக்கப் பானை இருக்கும். காலையில் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, பானையின் உட்புறத்தைத் தேங்காய் நாரால் தேய்க்கவேண்டும். கழுத்துக்குக் கீழே பாசி வழுக்கும் ஓர் இடம் உண்டு. அம்மாவின் கை அதற்குள் போகாது, என் கைதான் போகும். அதனால் அது என் வேலை. அப்புறம் அம்மா நாலாக மடித்த வெள்ளைத் துணியை வாய்மேல் பிடிக்க, நான் சொம்பால் தண்ணீர் ஊற்றுவேன். மூடியைப் போட்டு, அதன்மேல் குவளையைக் கவிழ்த்து வைத்தால் முடிந்தது.

ஆறு வயதில் ஒருநாள் பானை என் கையிலிருந்து நழுவி உடைந்தது. அம்மா ஓடிவந்து முதலில் என் காலைப் பார்த்தார். காயமில்லை. அப்புறம், "சரி, இப்ப இந்த வெயில்ல வர்றவங்க என்ன குடிப்பாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபமே இல்லை. நான் திரும்பித் தெருவைப் பார்த்தேன். சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா மிதிப்பவர் ஒருவர் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி மேடையை நோக்கி வந்துகொண்டிருந்தார். உள்ளே ஓடிப்போய்ச் சமையலறைச் சொம்பில் தண்ணீர் மொண்டுவந்து நீட்டினேன். அவர் இரண்டு சொம்பு குடித்தார். அவர் தொண்டைக்குழி ஏறி இறங்கியது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கு அம்மா என்னை அடித்திருந்தால், எனக்கு அடிதான் ஞாபகம் இருந்திருக்கும், அவருடைய தாகம் இருந்திருக்காது. மார்ட்டின் ஹாஃப்மன் என்ற உளவியலாளரும் இதைத்தான் சொல்கிறார்: நீ செய்தது அடுத்தவரை என்ன செய்தது என்று பிள்ளைக்குக் காட்டினால், தண்டனையைவிட அது ஆழமாகப் பதியும் என்று.

உங்கள் மாமியார் விஷயத்துக்கு வருவோம். எனக்கு இது வேண்டும், அது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்காதவராக இருப்பார். பர்மியர்கள் 'ஆனாடே' என்பார்களே, அடுத்தவரைச் சிரமப்படுத்தக் கூசுகிற அந்த மனசு நம் பாட்டிகளுக்கும் உண்டு. அதனால் பையனிடம் "பாட்டிக்குத் தண்ணி குடு" என்று ஏவுவதை விட்டுவிட்டு, "பாட்டி எழுந்திருக்கும்போது எந்தக் காலை முதலில் ஊன்றுறாங்க, கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்று கேளுங்கள். பார்ப்பான். வலி எங்கே என்று அவனே கண்டுபிடிப்பான். நீங்கள் மாடியில் குடியிருந்தால், கயிற்றில் பையைக் கட்டி இறக்கிக் காய்கறி ஏற்றுவீர்கள் அல்லவா? சாயங்காலம் அந்தக் கயிற்றைப் பாட்டியும் பேரனும் பார்த்துக்கொள்ளட்டும். விலை பேசுவது பாட்டி, இழுப்பது அவன்.

கேள்வி: என் மனைவி வெளிநாட்டில் வேலை செய்கிறாள். வீட்டில் படுத்த படுக்கையாக என் அப்பா, 4 வயதுக் கடைக்குட்டி. என் 13 வயது மகள்தான் சமையல், தாத்தா, தம்பி எல்லாவற்றையும் பார்க்கிறாள். 15 வயது மகன் சின்லோன் (பிரம்புப் பந்து) ஆடிவிட்டு வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுவான். பெண்பிள்ளை இருக்கும்போது ஆண்பிள்ளையை ஏன் ஏவுகிறாய் என்கிறார்கள் உறவினர்கள். இது சரியா?
— ஒரு தந்தை, பெகு

பதில்: சரியில்லை ஐயா. உங்கள் மகளுக்கு மட்டுமா, மகனுக்கும் அநியாயம் இது.

கென்யாவில் லுவோ மக்களிடையே கேரல் எம்பர் என்ற மானிடவியலாளர் ஓர் ஆய்வு செய்து 1973-இல் வெளியிட்டார். அங்கும் குழந்தை பார்ப்பது, அடுப்படி எல்லாம் பெண்பிள்ளை வேலைதான். ஆனால் ஏற்ற வயதில் பெண் இல்லாத வீடுகளில் பையன்கள் அதைச் செய்தார்கள். அப்படி வளர்ந்த பையன்கள், வேலை செய்யாத நேரத்திலும் மற்றப் பையன்களைவிட மென்மையாக, அடுத்தவரை அனுசரித்து நடந்துகொண்டார்கள். அக்கறை பிறவியிலேயே பெண்ணுக்கு மட்டும் வருவதாக நாம் நினைக்கிறோம். அது பழக்கத்தில் வருவது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நானே பார்த்ததும் உண்டு. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தபோது யாங்கோனில் நாங்கள் நான்காம் மாடியில் இருந்தோம். மின்சாரம் இல்லை, பம்பு ஓடவில்லை. என் மகனுக்கு 11 வயது. எதிர்வீட்டில் தனியாக இருந்த பர்மியப் பாட்டிக்கு தினமும் இரண்டு வாளி தண்ணீர் ஏற்றுவது உன் பொறுப்பு என்றேன். முதல் நாள் முணுமுணுத்தான். நாலாம் நாள், பாட்டியின் வாளி நிறைந்த பிறகுதான் எங்கள் வாளியைத் தொட்டான். மின்சாரம் திரும்பி வந்த பிறகும் பள்ளிக்கூடம் கிளம்புமுன் அந்தக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவான்.

உங்கள் அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க, குளிப்பாட்ட, லுங்கி மாற்றப் பலமுள்ள ஆண்பிள்ளைதான் தேவை. தாத்தாவுக்கும் பேத்தியிடம் இருக்கும் கூச்சம் பேரனிடம் இருக்காது. முதல் வாரம் நீங்கள் கூட நில்லுங்கள். நீங்கள் உங்கள் அப்பாவுக்குச் சவரம் செய்துவிடும்போது மகன் கிண்ணத்தைப் பிடிக்கட்டும். அப்பன் தொடாத வேலையை மகன் தொடமாட்டான்.

மகள் விஷயத்தில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவளைக் "குட்டி அம்மா" என்று யாரும் புகழவேண்டாம். அந்தப் பட்டத்துக்குப் பயந்தே களைப்பைச் சொல்லாமல் இருப்பாள். உதவி செய்து பழகுவது வேறு, ஒரு குடும்பத்தையே சுமப்பது வேறு. தினமும் இரண்டு மணி நேரம் யாரும் அவளைக் கூப்பிடக்கூடாது என்று வையுங்கள். அந்த நேரத்தில் படிக்கட்டும், தோழி வீட்டுக்குப் போகட்டும், சும்மாவாவது இருக்கட்டும். இதை இந்த வாரமே செய்யுங்கள்.

கேள்வி: என் பேரனுக்கு ஒன்றரை வயது. மருமகள் வீடு கூட்டினால் துடைப்பத்தைப் பிடுங்குகிறான், துணி காயப்போட்டால் கூடையில் கைவிடுகிறான். வேலை கெடுகிறதென்று அவள் விரட்டிவிடுகிறாள். நான் குறுக்கே பேசலாமா?
— ஒரு தாத்தா, தட்டோன்

பதில்: பேசலாம், ஆனால் மருமகளைக் குறைசொல்கிற மாதிரி இருக்கக்கூடாது. பாவம், அவளுக்கு எத்தனை வேலையோ. முன்னே சொன்ன ஆராய்ச்சியாளர்களே, துணி காயப்போடும்போது கிளிப்பைத் தவறவிட்டால் 18 மாதக் குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்று 2006-இல் பார்த்தார்கள். கேட்காமலே எடுத்துக் கொடுத்தார்கள். உங்கள் பேரன் கூடையில் கைவிடுவதும் அதற்குத்தான். விரட்டி விரட்டியே அனுப்பினால், ஏழு வயதில் "வாடா, உதவி செய்" என்று கூப்பிடும்போது அவன் ஏன் வரப்போகிறான்?

அக்கம்பக்கத்துப் பர்மிய வீடுகளைக் காலையில் கவனித்திருப்பீர்கள். பிக்கு பிச்சைக்கு வரும்போது, இடுப்பில் இருக்கும் குழந்தையின் கையிலேயே அகப்பையைக் கொடுத்து, அந்தக் கையைத் தன் கையால் பிடித்துச் சோறு போடவைப்பாள் தாய். பாதி கீழேதான் சிந்தும். யாரும் திட்டுவதில்லை.

பழைய துடைப்பம் ஒன்றை எடுத்து, அவன் உயரத்துக்கு வெட்டி, கைபிடிக்கும் இடத்தில் துணியைச் சுற்றிக் கொடுங்கள். துணி காயப்போடும்போது கிளிப்புக் கூடை அவன் பக்கத்தில் இருக்கட்டும். அவன் இறைத்துப்போட்ட குப்பையை, அவன் தூங்கிய பிறகு மருமகள் கூட்டவேண்டாம், நீங்களே கூட்டிவிடுங்கள்.