பட்டன் வயரோடு முறுக்கினால் போதுமா?

கேள்வி: காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான் வியாபாரம் செய்கிறேன். இடிக்கிற வீடுகளிலிருந்து வரும் தேக்குத் தூண், உத்தரம் இறக்க 2 டன் மின்சார ஹாய்ஸ்ட் இருக்கிறது. தொங்கும் பட்டன் பெட்டியின் கேபிள் அடிக்கடி அறுந்துபோவதால் ரேடியோ ரிமோட் வாங்கினேன். ரிசீவரின் ஏற்று, இறக்கு வயர்களைப் பழைய பட்டன் வயர்களோடு சேர்த்து முறுக்கினால் போதும் என்கிறார் எலெக்ட்ரீஷியன். சரிதானா ஐயா?

பதில்: ஓடும். நிற்க வேண்டிய நேரத்தில் நிற்குமா என்பதுதான் சந்தேகம்.

நானே அப்படிச் செய்து பட்டிருக்கிறேன். தேவகோட்டைப் பக்கம் ஓர் அரிசி ஆலை. மூட்டை தூக்கும் ஹாய்ஸ்டுக்குக் கேட் திறக்கிற ரிமோட்டை மாட்டினேன். மலிவு, வேறென்ன! ஒருநாள் உள்ளே இருந்த ரிலேயின் (சிக்னல் வந்ததும் கரண்ட்டை இணைக்கும் சின்ன சுவிட்ச்) கான்டாக்ட் ஒட்டிக்கொண்டது. பட்டனிலிருந்து கையை எடுத்தும் மூட்டை ஏறிக்கொண்டே போனது. கொக்கி உச்சிக்கு வந்தால் மோட்டாரை நிறுத்தும் மேல் லிமிட் சுவிட்ச் காப்பாற்றியது. உங்களிடம் தொங்குவது மூட்டையல்ல, பர்மாத் தேக்கு.

தொழிற்சாலைக்கென்று செய்த ரிசீவரில் ஏற்று, இறக்கு ரிலேக்கள் தவிர 'மெயின்' என்று தனி கான்டாக்ட் இருக்கும். ரிமோட்டின் சிவப்புக் குமிழை அமுக்கினாலும், பேட்டரி தீர்ந்தாலும், சிக்னல் அறுந்தாலும் அது விட்டுவிடும். மோட்டாருக்குப் போகும் கரண்ட்டை மொத்தமாக இணைத்து அறுக்கும் பெரிய சுவிட்ச்தான் மெயின் கான்டாக்டர்; அதை இழுத்துப் பிடிக்கும் காயிலுக்குத் தொடராக இந்தக் கான்டாக்டைப் போட வேண்டும். உங்கள் ரிசீவரில் அது இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சின்ன ஹாய்ஸ்ட்களில் பெரும்பாலும் மெயின் கான்டாக்டரே இருக்காது, ஏற்று-இறக்கு இரண்டுதான். அப்படியானால் ஒன்று வாங்கி அவற்றுக்கு முன்னால் மூன்று பேஸிலும் போடுங்கள். ஏற்றுக் கான்டாக்டரே ஒட்டிக்கொண்டாலும் மோட்டாருக்கு வரும் கரண்ட்டை இது அறுக்கும்.

பழைய லிமிட் சுவிட்ச், இரண்டு கான்டாக்டரும் ஒருசேர இழுக்காமல் தடுக்கும் இன்டர்லாக், எதையும் தாண்டி வயர் இழுக்காதீர்கள். ரிலே வயர் லிமிட்டுக்கு முன்னால் சேர வேண்டும். பட்டன் பெட்டியையும் வைத்துக்கொள்வதானால் முறுக்குவது வேண்டாம். சாவி போட்ட செலக்டர் சுவிட்ச் வையுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யட்டும். பெட்டியின் ஸ்டாப் மட்டும் எப்போதும் சர்க்யூட்டில் இருக்கட்டும்.

கான்டாக்டர் காயில் விடும்போது கிளம்புகிற வோல்டேஜ் துள்ளல்தான் சின்ன ரிலேயைத் தின்கிறது. ஏசி காயில் ஒவ்வொன்றின் குறுக்கேயும் ரெசிஸ்டர்-கப்பாசிட்டர் சப்ரெசர் போடச் சொல்லுங்கள். கன்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் 110 வோல்ட்டா, 48-ஆ என்று பார்த்து, ரிசீவர் லேபிளோடு ஒத்துப்போனால் மட்டும் தனி பியூஸ் வைத்து இணைக்கலாம். ஆன்டெனா இரும்புப் பேனலுக்குள் அடைபடக் கூடாது, மோட்டார் கேபிளை ஒட்டியும் வேண்டாம்.

வேலையை, ஹாய்ஸ்டுக்கு வரும் கரண்ட்டைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை ஆஃப் செய்து, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

முடிந்ததும் கொக்கியில் ஒன்றும் மாட்டாமல் ஏற்றுப் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். கையேட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குள் மெயின் கான்டாக்டர் 'டக்' என்று விழ வேண்டும். பேட்டரியைத் திரும்பப் போட்டதும் தானாக ஓடக் கூடாது, ஸ்டார்ட் கொடுத்தால்தான் ஓட வேண்டும். அப்புறம் லிமிட் சுவிட்சைக் கையால் தள்ளியும் பாருங்கள்.

ரிசீவர் மூடியின் உள்ளேயோ கையேட்டிலோ வயரிங் படம் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், மெயின் கான்டாக்ட் எந்த நம்பர் என்று குறித்துத் தருகிறேன்.