வீட்டுக்கு இன்னும் 140 கிலோமீட்டர்: ஒரே நாளில் மிதித்துவிடலாமா?

கேள்வி: 38 நாள் சைக்கிள் பயணம் முடிந்து வீட்டை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். தினமும் சுமார் 80 கிலோமீட்டர் மிதிக்கிறேன். மிச்சம் 140. ஒரே நாளில் முடித்துவிட மனசு துடிக்கிறது. ஒரு வாரமாக வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. அதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், இரண்டு நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் 90, மறுநாள் 50.

சுமையோடு மணிக்கு 18 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 140 கிலோமீட்டருக்கு எட்டு மணி நேரம் மிதிக்க வேண்டும். நின்று, தின்று, இளைப்பாறினால் பொழுது சாய்ந்துவிடும். அப்போது நீங்கள் இருக்கப்போவது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சாலையில். அதுதான் எனக்குக் கவலை. புதுச் சாலையில் ஒவ்வொரு பள்ளத்தையும் பார்த்து ஓட்டுவோம். பழகிய சாலையிலோ கண் திறந்திருக்கும், கவனம் வீட்டு வாசலில் நிற்கும். ‘வீட்டில் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம்’ என்று பசியையும் தள்ளிப்போடுவோம். தசையில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து தீர்ந்தால் கால் ஓய்ந்துவிடும், நிதானமும் குறையும். கடைசி நாளிலும் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகட்டும்.

வீட்டாரிடம் நேரம் குறித்துச் சொல்லாதீர்கள். சொன்ன நேரம்தான் பின்னாலிருந்து விரட்டும். ‘பத்து கிலோமீட்டர் இருக்கும்போது கூப்பிடுகிறேன்’ என்றால் போதும்.

இனி விரல்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கமாக ஒரு நரம்பு போகிறது. ஹேண்டில்பார் அதை நாள்கணக்கில் அழுத்தினால் இந்த இரண்டு விரலும்தான் முதலில் மரக்கும். ஒரு சோதனை: இரண்டு விரலையும் நீட்டி, நடுவில் ஒரு காகிதத்தை இடுக்கிக்கொண்டு, மறு கையால் மெல்ல இழுத்துப் பாருங்கள். இடது கையிலும் அப்படியே செய்யுங்கள். வலது கையில் மட்டும் காகிதம் சட்டென நழுவினால் நரம்பின் பலமே குறைந்திருக்கிறது என்று பொருள். பிரேக் பிடிக்க அந்தக் கைதான் வேண்டும். அப்படியென்றால் மிச்சத் தூரத்துக்கு வண்டி ஏறிவிடுங்கள், டாக்டரைப் பாருங்கள். 38 நாள் மிதித்தது மிதித்ததுதான், அதில் ஒரு கிலோமீட்டரும் குறையாது.

வெறும் மரப்பு மட்டும் என்றால் சீட்டின் மூக்கைப் பாருங்கள். அது கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரமெல்லாம் கைக்கு வரும். சமமாக வையுங்கள், ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்துங்கள், முழங்கையை மடக்கியே ஓட்டுங்கள், சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். சிலருக்கு மாதங்கள் பிடிக்கும்.

வீடு சேர்ந்ததும் சைக்கிளை மூலையில் சாத்திவிடாதீர்கள். முதல் வாரம் தினமும் அரை மணி நேரம், சுமையில்லாமல், மெதுவாக ஓட்டுங்கள். பயணத்துப் பசி உடனே அடங்காது. சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். இரண்டாம் மூன்றாம் நாள் ஒரு வெறுமை வரும். தினமும் விடியும்போதே போக ஓரிடம் இருந்தது, இப்போது இல்லை. பலருக்கும் வருவதுதான்.

கை தெளிந்த பிறகு செயினை அளங்கள். புதுச் செயினில், கண்ணிகளைக் கோக்கும் ஒரு ஆணியிலிருந்து 24 ஆணி தள்ளி அளந்தால் சரியாக 12 அங்குலம். அதற்கு மேல் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் மாற்றிவிடுங்கள். விட்டால் பல்சக்கரத்தையும் தின்றுவிடும்.